அசையாச் சொத்து

பி.காம். இரண்டாம் வருஷத்தில் எங்கள் அக்கவுண்டன்ஸி புரொபசர் ஒரு நாள், "கார் என்பது எந்த வகைச் சொத்து?" என்று கேட்டார். வகுப்பில் யாரிடமும் கார் கிடையாது. புரொபசரிடமே ஸ்கூட்டர்தான். நான் எழுந்து நின்று, "அசையும் சொத்து சார்" என்றேன். "வெரிகுட், உட்கார்" என்றார். மூன்று வருஷப் படிப்பில் நான் வாங்கிய ஒரே வெரிகுட் அதுதான்.

அந்த விடை தப்பு என்பது பதினைந்து வருஷம் கழித்து, 2024 டிசம்பர் 17-ம் தேதி காலை ஆறு மணிக்குத் தெரிந்தது. கார் அசையவில்லை!

ஸ்டார்ட் ஆகவில்லை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆகிவிட்டது. ஏ.சி. ஓடியது. ரேடியோ பாடியது. வைப்பர் கூட இரண்டு பக்கமும் தலையாட்டியது. ஒரு கார் செய்ய வேண்டிய காரியம் எல்லாவற்றையும் செய்தது, போவதைத் தவிர.

ஹேண்ட்பிரேக்கை இறக்கினேன். டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு அணைந்தது. ரிவர்ஸ் போட்டு மெதுவாகக் கிளட்சை விட்டேன். ஊசி போடக் கூட்டிப் போகும்போது தெருவில் உட்கார்ந்து அடம்பிடிக்கும் குழந்தை மாதிரி வண்டி ஒரு தரம் முக்கிவிட்டு ஆஃப் ஆகிவிட்டது. மறுபடி போட்டேன். மறுபடி ஆஃப்.

பின் சீட்டில் அப்பா உட்கார்ந்திருந்தார். மடியில் மஞ்சள் பை. பைக்குள் ஆஸ்பத்திரி ஃபைல், துண்டு, பிளாஸ்க். ஏழு மணிக்கு அவருக்குக் கண் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். வலது கண்ணில் புரை. அன்றைக்கு ஆபரேஷன்.

இந்த இடத்தில் கொஞ்சம் ரிவர்ஸ் போட வேண்டியிருக்கிறது. காரால் முடியாவிட்டாலும் கட்டுரையால் முடியும் அல்லவா?

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் கார் வைத்திருப்பவனுக்கு மேகத்தைப் பார்த்தால் கவிதை வராது. இன்ஷூரன்ஸ் பாலிசி நம்பர்தான் ஞாபகம் வரும். 2024 அக்டோபரில் ரெட் அலர்ட் என்றதும் வேளச்சேரி மேம்பாலத்தில் ஜனங்கள் கார்களைக் கொண்டுபோய் வரிசையாக நிறுத்திய படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வருகிறது என்றார்கள். இந்தத் தடவை நானும் நிறுத்தலாம் என்று கிளம்பினேன். நான் யோசித்து, குளித்து, காபி குடித்துப் போய்ச் சேர்வதற்குள் எனக்குத் தெரிந்த மேடான இடமெல்லாம் ஹவுஸ்ஃபுல்.

சரி, விதி விட்ட வழி என்று அபார்ட்மெண்ட்டின் கீழ்த்தளத்திலேயே வழக்கமான இடத்தில் நிறுத்திவிட்டு, ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன். சும்மா இழுக்கவில்லை. கிர்ர்... கிர்ர்... என்று அதற்கு மேல் வராது என்கிற வரைக்கும் இழுத்தேன். வெள்ளம் வந்தால் வண்டி மிதந்து பக்கத்துத் தெருவுக்குப் போய்விடக் கூடாதே! வெள்ளத்தில் மிதக்கும் காருக்கு ஹேண்ட்பிரேக் எதைப் பிடிக்கும் என்று அப்போது தோன்றவில்லை. பி.காமில் பிசிக்ஸ் கிடையாது.

புயல் 30-ம் தேதி ராத்திரி புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்தது. எங்கள் பார்க்கிங்கில் அரை டயர் உயரத்துக்குத் தண்ணீர் வந்தது, ஒரு நாள் தங்கியது, போய்விட்டது. கார் உள்ளே ஒரு சொட்டு இறங்கவில்லை. பிழைத்தோம் என்று நான் கீழே இறங்கிப் பார்க்கவே இல்லை. எனக்கு ஆபீஸ் கிடையாது, வீட்டிலிருந்தே எழுதுகிறவன். மனைவிக்கு ஸ்கூட்டர். பெட்ரோல் விற்கிற விலையில் காரை எடுக்கக் காரணம் தேட வேண்டும். நானும் தேடவில்லை.

டிசம்பர் முதல் வாரம் அப்பா பொள்ளாச்சியிலிருந்து வந்தார். அவர் ரிடையரான அரசு பஸ் டிரைவர். சர்வீஸில் பாதிக்கு மேல் பொள்ளாச்சி - வால்பாறை ரூட். ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவு. போகும்போது 40, வரும்போது 40. நான் படித்தது, என் தங்கை கல்யாணம், எல்லாமே அந்த வளைவுகளில் சம்பாதித்ததுதான்.

வந்த அன்றைக்குச் சாயந்திரமே கீழே போய்க் காரைச் சுற்றி வந்தார். கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார். மேலே வந்து சொன்னார்:

"கண்ணு, ஹேண்ட்பிரேக்கை எறக்கி உட்டுரு. தண்ணி நின்ன வண்டி. ஈரத்தோட புடிச்சுக்கும். கியர்ல போட்டு, சக்கரத்துக்கு ரெண்டு கல்லு வெச்சாப் போதும்."

நான் ஒரு கட்டுரையை முடிக்கிற அவசரத்தில் இருந்தேன். கம்ப்யூட்டரிலிருந்து தலையை எடுக்காமல் சொன்னேன்:

"அப்பா, இது பஸ் இல்லைங்க."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் எதிர்மனையில் கட்டிட வேலை நடக்கிற இடத்திலிருந்து நல்ல கனமான கருங்கல் இரண்டைக் கொண்டுவந்து காருக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். அதற்கு மறுநாள் அசோசியேஷன் செகரட்டரி என்னைப் பிடித்து, "சார், லாரி ஷெட் மாதிரி கல்லெல்லாம் வேண்டாமே. போன மாசம்தான் டைல்ஸ் போட்டிருக்கு" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அப்பா தூங்குகிற நேரத்தில் இரண்டு கல்லையும் மீட்டர் பெட்டிக்குப் பின்னால் தள்ளிவிட்டேன். அவர் பார்த்தாரா என்று தெரியவில்லை. வலது கண்ணில்தானே புரை. இடது கண் நன்றாகவே தெரியும்.

இனி, டிசம்பர் 17.

மூன்றாவது தடவை ஆஃப் ஆன சத்தத்துக்கு வாட்ச்மேன் வந்தார். வாக்கிங் கிளம்பிய பேங்க் ஆபீஸர் வந்தார். நைட் ஷிஃப்ட் முடித்து வந்த ஐ.டி. பையன் வந்தான். செகரட்டரி வந்தார். நம் ஊரில் நின்றுபோன காருக்கு இருக்கிற ஜனவசியம் ஓடுகிற காருக்குக் கிடையாது.

"ஆக்ஸிலேட்டரை நல்லா மிதிச்சு ஒரே தம்ல கிளட்சை விடுங்க சார். பிச்சுக்கிட்டு வரும்" என்றார் பேங்க் ஆபீஸர்.

"தள்ளிடலாம் சார். நியூட்ரல்ல போடுங்க" என்றார் வாட்ச்மேன். ஐந்து பேர் தள்ளினோம். கார் இருந்த இடத்திலேயே ஊஞ்சல் ஆடியது.

ஐ.டி. பையன் செல்போனில் வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு, "அங்கிள், எங்க வீட்ல துருவுக்கு அடிக்கிற ஸ்பிரே இருக்கு. வீலுக்குள்ள அடிச்சா இளகிடும்" என்றான்.

அதுவரை வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த அப்பா கதவைத் திறந்தார்.

"அது மட்டும் வேண்டாங்க தம்பி. பிரேக்குல எண்ணெய் பட்டா வண்டி கெளம்பிரும். அப்புறம் நிக்காது."

சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். அவ்வளவுதான். நான் கண்ணாடியில் பார்த்தேன். மஞ்சள் பையை நேராக வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனுஷனுக்கு விஷயம் தெரியும். ஆனால் கேட்காமல் சொல்லப் போவதில்லை. ஒரு தரம் கேட்காமல் சொல்லித்தான் 'இது பஸ் இல்லைங்க' என்று வாங்கிக் கட்டிக்கொண்டாரே.

மணி ஆறு பதினைந்து. வெளியே தூறல். மனைவி மாடியிலிருந்து, "ஆட்டோ புக் பண்ணினேங்க, ரெண்டு பேர் கேன்சல் பண்ணிட்டாங்க" என்று குரல் கொடுத்தாள்.

நான் இறங்கிப் பின்கதவைத் திறந்தேன். நான்கு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"அப்பா... என்னங்கப்பா பண்ணலாம்?"

"அந்த ரெண்டு கல்லை எங்க கண்ணு வெச்சே?" என்றார் அவர்.

பார்த்திருக்கிறார்!

மீட்டர் பெட்டிக்குப் பின்னாலிருந்து கல் இரண்டையும் நானே தூக்கி வந்தேன். எங்கள் பார்க்கிங் பார்வைக்குச் சமதரை. ஆனால் மழைத்தண்ணீர் ஓடுவதற்காகக் கேட்டைப் பார்த்து லேசான சரிவு உண்டு. முன் சக்கரங்களுக்குப் பின்னால், சரிவுப் பக்கமாக, டயரை ஒட்டி இரண்டு கல்லையும் வைக்கச் சொன்னார். பிறகு, "வண்டிக்குப் பின்னாடி யாரும் நிக்காதீங்க" என்றார். வாட்ச்மேன் மட்டும், "அதான் அசையவே மாட்டேங்குதே பெரியவரே" என்று சிரித்தபடி நகர்ந்தார்.

அதற்குள் அப்பா ஒவ்வொன்றாகச் சொன்னதை நான் உங்களுக்குச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ரொம்பப் பேருடைய சின்னக் கார்களில் பின் சக்கரத்துக்குள் டிரம் என்று ஓர் இரும்புச் சட்டி இருக்கிறது. அதற்குள் பிறை வடிவத்தில் இரண்டு பிரேக் ஷூ. ஹேண்ட்பிரேக்கை இழுத்தால், ஒரு கேபிள் அந்த ஷூக்களை விரித்துச் சட்டியின் உள்சுவரோடு அழுத்தும். இறக்கினால் ஸ்பிரிங் அவற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். இதுதான் ஏற்பாடு. ஆனால் சட்டி ஈரமாக இருக்கும்போது அழுத்தி வைத்து, அப்படியே நாள்கணக்கில் விட்டுவிட்டால் நடுவில் துரு பிடிக்கும். அடிப்பிடித்த சோறு சட்டியை விட்டு வருமா? நீங்கள் மேலே லீவரை இறக்கலாம், விளக்கு அணையலாம், உள்ளே ஷூ சட்டியை விடாது. அந்தச் சின்ன ஸ்பிரிங்குக்கு அதைப் பிய்க்கிற பலம் கிடையாது.

லீவரைத் தூக்கும்போது பிடிப்பே இல்லாமல் தொளதொளவென்று வந்தால் அது வேறு வியாதி. கேபிள் தகராறு. அதற்கு மெக்கானிக்தான் வர வேண்டும். என் லீவர் வழக்கம்போல இறுக்கமாகத்தான் இருந்தது. ஆகவே ஷூதான் ஒட்டியிருக்கிறது என்று முடிவாயிற்று.

"முதல் கியர் போடு. கிளட்சைக் கொஞ்சமா உடு. முக்குனதும் அமுத்திரு. அப்புறம் ரிவர்ஸ். அதே மாதிரி. ஆக்ஸிலேட்டர்ல கால் வெக்காத" என்றார். பேங்க் ஆபீஸர் சொன்னபடி மிதித்திருந்தால் கிளட்ச் பிளேட் கருகியிருக்கும். இல்லாவிட்டால் ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் லைனிங் பெயர்ந்து சட்டிக்குள்ளேயே சிக்கியிருக்கும்.

நான் தொட்டில் ஆட்டுகிற மாதிரி முன்னும் பின்னும் ஆட்டினேன். அப்பா பின்னால் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்று, தலையைச் சாய்த்துக் காது கொடுத்துக் கேட்டார். நாலாவது தடவை 'டக்' என்று ஒரு சத்தம்.

"வலது உட்டுருச்சு. இடதுதான் புடிச்சிருக்கு. நியூட்ரல்ல போட்டுட்டு எறங்கு."

வீல் கப்பைக் கழற்றினோம். ரிம்மின் ஓட்டை வழியாக உள்ளே டிரம் தெரிந்தது. ஒரு இரும்புக் கம்பியை அதன் மேல் வைத்துச் சுத்தியலால் தட்டச் சொன்னார். நான் ஓங்கினேன். கையைப் பிடித்துக்கொண்டார்.

"அடிக்கறதில்ல கண்ணு. தட்டறது. தேங்கா வாங்கறப்பத் தட்டிப் பாப்பமே, அந்த மாதிரி. ஒரே எடத்துல தட்டாத. சுத்தித் தட்டு."

பொள்ளாச்சிக்காரனுக்குத் தேங்காய் தட்டச் சொல்லித் தர வேண்டுமா? டொக், டொக், டொக் என்று ஒவ்வோர் ஓட்டையாகத் தட்டிக்கொண்டு வந்தேன். சத்தம் மொண்ணையாக இருந்தது. ஏழெட்டுத் தட்டு ஆனதும் 'டங்' என்று மணி மாதிரி மாறியது. அதே நொடி 'டக்'.

கார் நகர்ந்தது.

ஓர் அங்குலம்தான். தானாகவே பின்னால் நகர்ந்து, கருங்கல்லில் 'தும்' என்று முட்டி நின்றது. வண்டி நியூட்ரலில் இருக்கிறது, ஹேண்ட்பிரேக் இல்லை, டிரைவர் சீட்டில் ஆள் இல்லை. இரண்டு நிமிஷம் முன்பு வாட்ச்மேன் நின்ற இடத்தைப் பார்த்தேன். வாட்ச்மேனும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

செகரட்டரி டைல்ஸைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு கிலோமீட்டர் போனதும் அப்பா ஓரமாக நிறுத்தச் சொன்னார். இறங்கி, பின் சக்கரம் இரண்டுக்கும் பக்கத்தில் உள்ளங்கையைக் கொண்டுபோனார். தொடவில்லை, ஹோமகுண்டத்தில் சூடு பார்க்கிற மாதிரி தள்ளியே வைத்திருந்தார். ஒரு பக்கம் மட்டும் அனல் அடித்தால், அல்லது தீய்ந்த வாசனை வந்தால், ஷூ இன்னும் உரசுகிறது என்று அர்த்தமாம். அப்படியே ஓட்டினால் டிரம் பழுக்கக் காயும், பிரேக்கே பிடிக்காமல் போகும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தது. "போலாம்" என்றார். மறுநாள் மெக்கானிக்கிடம் காட்டி டிரம்மைக் கழற்றிச் சுத்தம் செய்துவிட வேண்டும் என்று உத்தரவும் போட்டார்.

ஏழு மணிக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஏழே கால். வரிசையில் மூன்றாவது ஆள் ஏழாவது ஆளாகிவிட்டார், அவ்வளவுதான். காத்திருந்த நேரத்தில் அவரிடம் பேசினேன். இந்தப் பத்து வருஷத்தில் அவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல அவரிடம் பேசியதில்லை. மலை ரோட்டில் பஸ் நின்றுவிட்டால் கண்டக்டர் விசில் ஊதுவதற்கு முன்னால் இறங்கிக் கல் கொடுப்பாராம். கிளம்பும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரத்தில் போட்டுவிட்டுத்தான் ஏற வேண்டுமாம். "கல்லை ரோட்டுலயே உட்டுட்டுப் போறவன் டிரைவரே இல்ல. ராத்திரி பின்னாடி வர்ற மோட்டார் சைக்கிள்காரன் என்ன பாவம் பண்ணினான்?" என்றார்.

"அப்ப ஹேண்ட்பிரேக்கே போடக் கூடாதுங்களாப்பா?" என்று கேட்டேன்.

"எவன் சொன்னான்? கடைக்குப் போறே, அரை மணி நேரம் நிறுத்தறே, போடு. மேட்டுல நிறுத்தறே, கண்டிப்பாப் போடு, கியரையும் போடு. மூஞ்சி மேட்டைப் பாத்தா முதல் கியர், பள்ளத்தைப் பாத்தா ரிவர்ஸ். நாள்கணக்குல ஒரே எடத்துல சமதரையில நிறுத்தறப்பத்தான் வேண்டாங்கறேன். அப்பவும் சும்மா உடக் கூடாது. கியரும் கல்லும் வேணும். தண்ணியில ஓட்டி வந்தா, நிறுத்தறதுக்கு முன்னாடியே நாலு தடவை மெதுவா பிரேக் புடிச்சுப் புடிச்சு உடு. உள்ள காஞ்சுரும்."

இத்தனையும் அந்த முதல் நாளே சொல்லியிருப்பார். கேட்க ஆள் இல்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் கட்டுப் பிரித்ததும் வலது கண்ணால் என்னைப் பார்த்தார். உருக்கமாக ஏதோ சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன். "என்ன கண்ணு, இத்தனை நரைச்சிருச்சு?" என்றார்.

இப்போது என் காருக்கு இரண்டு மரக்கட்டைகள் இருக்கின்றன. ஆப்பு மாதிரி சீவியது. ஆசாரியிடம் சொல்லி அப்பாவே செய்து அனுப்பினார். இரண்டையும் ஒரு நைலான் கயிற்றால் கட்டி, கயிற்றின் நுனியை டிரைவர் பக்கக் கதவின் கைப்பிடியில் மாட்டிவிட வேண்டும். கட்டையை எடுக்க மறந்து வண்டியைக் கிளப்ப முடியாது பாருங்கள். போன மழைக்கு எங்கள் பார்க்கிங்கில் ஆறு கார்களுக்குக் கட்டை இருந்தது. அதில் ஒன்று செகரட்டரியுடையது. டைல்ஸுக்கு மேட்சாக பெயிண்ட் அடித்திருக்கிறார்.

ஆபீஸில் உங்கள் வேலைக்கு மேனேஜர் முட்டுக்கட்டை போடுகிறார் என்று புலம்புவீர்கள். நானும் அந்த வார்த்தையைக் கட்டுரைகளில் எத்தனையோ தடவை திட்டுகிற அர்த்தத்தில்தான் எழுதியிருக்கிறேன். நிஜமான முட்டுக்கட்டையை வருஷக்கணக்கில் பஸ் சக்கரத்துக்கு வைத்த வீட்டில் வளர்ந்தவன் நான். இனி அந்த வார்த்தையை யோசித்துத்தான் எழுத வேண்டும்.

முன்பெல்லாம் அப்பா போன் செய்தால் முதல் கேள்வி, "சாப்பிட்டியா கண்ணு?" இப்போது சென்னையில் மழை என்று டி.வி.யில் சொன்னால் போதும், பொள்ளாச்சியிலிருந்து போன் வந்துவிடுகிறது.

"கட்டை வெச்சியா கண்ணு?"

"வெச்சுட்டேனுங்கப்பா" என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கீழே ஓடுகிறேன்.